நூற்று முப்பது ஓம் தூக்கம்

மதியம் இரண்டு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டரைத் தூங்கவைப்பது எப்படி என்று மைக்ரோவேவ் என்ஜினீயர் தில்ஷாத் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளாகக் கண்டுபிடித்த வழி தயிர்சாதம், பாதி சாத்திய ஜன்னல், அப்புறம் வெளியே சுற்றும் காற்றாலைகளை எண்ணச் சொல்வது. பணகுடிக்குத் தெற்கே அந்தப் பொட்டலில் காற்றாலைக்கா பஞ்சம்? கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை இறக்கைகள், உலகத்தில் எதற்கும் அவசரமில்லை என்பதுபோலச் சுற்றிக்கொண்டிருக்கும். கண்டக்டர் இசக்கியம்மாள் பதினேழு வரைக்கும் எண்ணுவாள். பதினெட்டு என்று அவள் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஓடும் அதிகாலை வண்டி அவளுடையது. பஸ்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து டிரைவர் சீட் காலியாகி எட்டு வருஷமாகிவிட்டது. ஆனால் கண்டக்டரை எடுக்க முடியவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், சில்லறைக்குச் சண்டை போட ஆளில்லாமல் ஜனங்கள் பஸ்ஸோடு சண்டை போட்டார்கள். அதனால் கண்டக்டர் திரும்பி வந்தார், கூடவே விசிலும் வந்தது. ஒரு விசிலுக்கு நிற்கவும், இரண்டு விசிலுக்குக் கிளம்பவும் பஸ்ஸைப் பழக்கிவைத்திருந்தார்கள். விசில் இல்லாவிட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த விசில் கழுத்தில் தொங்க, காக்கிச் சட்டையோடுதான் இசக்கி தினமும், கண் விழிக்காமல் கிடப்பவர்களின் 'நெடுந்துயில் இல்ல'த்துக்கு வருவாள். அங்கே அவள் தூங்கும் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் அவள் புருஷன் லிங்கதுரை. டவர் ஏறுகிறவன். காற்றாலை உச்சியில் டிஷ் மாட்டிக்கொண்டிருந்தபோது இடி இறங்கியது. இதயம் திரும்பி வந்தது, கண் திறக்கவில்லை. அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதியோடு இரண்டு வருஷம்.

இரண்டு வருஷம் என்பது இல்லத்தின் கணக்கு. அதற்குள் தூங்குகிறவர் உள்ளே இருக்கிறார் என்று யாராவது காட்ட வேண்டும். கனவு ஒன்று போதும். இல்லாவிட்டால் குழு கூடும், மூச்சுக் கருவி நிற்கும். கட்டில் மொத்தம் முப்பத்தி நாலு, வெளியே காத்திருப்பவர்கள் இருநூறுக்கும் மேல். கெட்டவர்கள் யாரும் இல்லை, கட்டில்தான் இல்லை.

கனவைக் கருவியால் படிக்க முடியாது என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு கனவைப் படிக்கத் தூங்குகிற இன்னொரு மூளையால்தான் முடியும். ஆகவே இரண்டு தலைக்கும் இரண்டு குல்லா, நடுவே ஒரு கேபிள், கேபிளின் நடுவே தில்ஷாத் வடிவமைத்த கப்ளர். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் இரண்டு தாமிரக் கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓடும். டெக்னீஷியன் சங்கிலி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தான். சங்கிலி எதற்குப் பெயர் வைத்தாலும் தின்கிற சாமானாகத்தான் இருக்கும்.

முதல் நாளே இசக்கி கேட்டாள்: "ஏ தங்கச்சி, எங்க ரெண்டு தலையையும் வயரு போட்டுக் கட்டுனா போதாதா? நடுவுல இந்த பிஸ்கட்டு என்னத்துக்கு?"

"அக்கா, உங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவாருல்லா?"

"ஏறுவான். கூட்டம் நெரியுற நேரமாப் பாத்துத்தான் ஏறுவான்."

"அவரு ரோட்டோரமா நின்னு நாவர்கோயில் போற வண்டிய மட்டும் எண்ணுதாருன்னு வைங்க. திருநவேலி போற வண்டி அவரு கண்ணுலயே படாது. நூறு பேர்ல ஒருத்தர மட்டும் எறக்கி, எங்கேருந்து வாரீயன்னு கேட்டுக்கிடுவாரு. வண்டி அதுபாட்டுக்குப் போயிரும். கப்ளர்னா அதான். அண்ணாச்சி பக்கத்துலேருந்து உங்க பக்கம் வாரத மட்டும் எண்ணிச் சொல்லும்."

"சரி. இந்தக் கோடு ஏன் இங்கன தடியா இருக்கு, அங்கன போவப்போவ நூலா மெலிஞ்சு போவுது?"

தில்ஷாத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மேலப்பாளையத்தில் அவள் உம்மாகூட, "நீ என்ன வேலை பாக்க?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடை இருக்குக்கா. இம்பிடன்ஸ்னு சொல்லுவோம். உங்களுக்கு அம்பது ஓம். அண்ணாச்சிக்கு இடி விழுந்தப்புறம் நூத்தி முப்பது. பஸ் படி ரொம்ப ஒசரமா இருந்தா வயசானவிய என்ன செய்வாவ?"

"அண்ணாந்து பாத்துட்டு, அடுத்த வண்டியில வாரேன்னு திரும்பிருவாவ."

"அலையும் அப்படித்தான். படி ஒசரம்னா ஏறாது, வந்த வழியே திரும்பிரும். அதனால அம்பதுக்கும் நூத்தி முப்பதுக்கும் நடுவுல மூணு சின்னப் படி வெட்டியிருக்கேன். கோடு மெலிய மெலிய தடை கூடும். எண்ணவும் செய்யும், கையப் புடிச்சு ஏத்தியும் விடும். ரெண்டு வேலையும் ஒரே பிஸ்கட்டு."

"கண்டக்டர்னு சொல்லு" என்றாள் இசக்கி. பிறகு பலகையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ரெண்டு கோடும் ஒட்டவே இல்லியே."

"ஒட்ட வேண்டாங்கா. பக்கத்துல ஓடுனாப் போதும்."

"பதினோரு வருசம் நாங்களும் அப்படித்தான் ஓடுனோம்" என்றபடி குல்லாவை மாட்டிக்கொண்டு காற்றாலைகளை எண்ண ஆரம்பித்தாள்.

அன்றைக்கே திரையில் வந்துவிட்டது. இசக்கி பக்கமிருந்து போவது மஞ்சள் கோடு; லிங்கதுரை பக்கமிருந்து வருவது பச்சைக் கோடு. பதினேழாவது காற்றாலைக்குப் பிறகு மஞ்சள் துடிக்க ஆரம்பித்தது. கூடவே பச்சையும் துடித்தது. சங்கிலி தின்றுகொண்டிருந்த முறுக்கை அப்படியே கையில் பிடித்திருந்தான்.

இசக்கி எழுந்தபோது கன்னத்தில் தலையணைத் தடமும் உதட்டில் சிரிப்பும் இருந்தன. "அவிய வந்தாவ. எங்க பஸ்லதான். நான் டிக்கெட்டு கிழிக்கத அவிய பாத்துக்கிட்டே இருக்காவ. என்னைய நானே அவிய கண்ணால பாத்த மாதிரி இருந்துச்சு."

தில்ஷாத் அன்று மாலையே அறிக்கை எழுதி இல்லத்தின் தலைவர் டாக்டர் மனோரஞ்சிதத்துக்கு அனுப்பினாள். 'கட்டில் பத்தொன்பது: கனவு உண்டு.' அந்த ஒரு மாசமும் மதியங்கள் தேன் மாதிரி வழிந்தன. இசக்கி தினமும் ஏதாவது கொண்டுவருவாள். நெல்லிக்காய், பனங்கிழங்கு, ஒரு நாள் முழுப் பலாச்சுளைப் பொட்டலம். தூங்குவாள், சிரிப்பாள், எழுந்து கதை சொல்வாள். பஸ் சிலசமயம் கடலுக்குள் போகும். சிலசமயம் காற்றாலைகள் டிக்கெட் கேட்டு ஏறும்.

கெடுத்தது ஒரு ஏ.சி. மிஷின். கட்டில்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. சங்கிலி லிங்கதுரையின் கட்டிலை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டான். கப்ளரிலிருந்து அவன் குல்லாவுக்குப் போன இரண்டு மீட்டர் கேபிள் எட்டவில்லை; மூன்று மீட்டர் கேபிள் மாட்டினான். அதோடு அதை மறந்துவிட்டான்.

மறுநாள் காலை பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த தில்ஷாத்துக்கு ஒன்று கண்ணில் பட்டது. பச்சைக் கோடு மஞ்சள் கோட்டுக்கு இருபது நானோ நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. ஒரு மாசமும் அதே இருபது. நேற்று மட்டும் முப்பது.

"சங்கிலி அண்ணே, நேத்து எதையாவது மாத்துனீங்களா?"

"கட்டிலத் தள்ளுனேன். அந்தாளு நனைஞ்சுக்கிட்டு கெடந்தாருல்லா."

"கேபிளு?"

"மூணு மீட்டரு. ஏன்?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். இரண்டு மீட்டர் போய் இரண்டு மீட்டர் திரும்ப, மீட்டருக்கு ஐந்து வீதம், இருபது நானோ நொடி. மூன்று போய் மூன்று திரும்ப முப்பது. ஒரு மனிதனின் கனவுக்குக் கேபிளின் நீளம் எதற்கு? சுவரில் அடித்த பந்துக்குத்தான் சுவர் எவ்வளவு தூரம் என்பது முக்கியம்.

பச்சைக் கோடு லிங்கதுரையுடையது அல்ல. இசக்கியின் கனவே போய் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மூன்று படி வெட்டிய பிறகும் ஏன் மோத வேண்டும்? அதற்கு விடை தேடி அவள் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிஸ்கட்டைச் செய்த அன்று பரிசோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. வரைபடம் கோணலாக இருந்தது. அவள் சின்னக் கத்தியால் தாமிரத்தைச் சுரண்டிச் சுரண்டி நேராக்கினாள். நேரானதும் சந்தோஷத்தில் சங்கிலிக்கு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தாள். ஆனால் அந்தக் கருவி இரண்டு முனையும் ஐம்பது ஓம் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ஒரு முனை நூற்று முப்பது என்று அதற்கு அவள் சொல்லவே இல்லை. அந்தத் தொழிலில் கேபிள் ஐம்பது, பிளக் ஐம்பது, எல்லாமே ஐம்பது. பல வருஷம் பழகியபின் அது ஒரு எண் என்பதே மறந்து, காற்று மாதிரி ஆகிவிடும். சரியாக இருந்த படிகளை அவள் சரிசெய்து கெடுத்திருந்தாள்.

"சொல்லாத" என்றான் சங்கிலி. வாயில் ஒன்றும் இல்லை. அதுவே அபூர்வம். "தில்சாத்து, கேளு. அறிக்கை போயாச்சு. கட்டிலு தப்பிச்சாச்சு. அந்தக்கா சந்தோசமாத் தூங்குது. யாருக்கு என்ன நட்டம்?"

"வெளிய எரநூறு பேரு நிக்காவ அண்ணே. நான் பொய்ய எழுதி ஒரு கட்டிலப் புடிச்சு வச்சிருக்கேன்."

"நீ பொய் எழுதல. தப்பா எழுதுன."

"இன்னிக்குக் காலையிலேருந்து அது பொய்யி."

மதியம் தயிர்சாதத்தைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டாள். சொல்லும்போது இசக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை, விசிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அப்பம் ஒரு மாசமா என்னைய நானே பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அக்கா..."

"கண்ணாடிக்கு முன்னால நின்னு ஒருத்தி கொண்டையில பூ வச்சுக்கிட்டு, அவிய பாக்காவ அவிய பாக்காவன்னு... நல்லா இருக்குட்டி."

டிபன் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தில்ஷாத் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினாள். நாலு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் மனோரஞ்சிதம் ஒரே வரியில் பதில் போட்டார்: 'இருபத்தெட்டு வரைக்கும் நேரம் இருக்கு.'

அடுத்த மூன்று நாளும் இசக்கி வரவில்லை. நாலாம் நாள், வழக்கம்போல ஒன்றரை மணிக்கு வந்தாள். "சரியாச் செஞ்சிட்டியா?"

புதுப் பலகை தயாராக இருந்தது. இந்தத் தடவை தில்ஷாத் கருவிக்கு முதலில் நூற்று முப்பது என்று சொன்னாள். சுவரில் பெரிதாக எழுதியும் ஒட்டினாள். லிங்கதுரையின் தலைக்குப் பதிலாகத் தர்பூசணிப் பழம் ஒன்றில் சோதித்தாள். உப்புத்தண்ணீரை ஊசியால் ஏற்றினால் தர்பூசணிக்கும் நூற்று முப்பது ஓம் வந்துவிடும். போன அலை ஒன்றும் திரும்பவில்லை. சோதனை முடிந்த பழத்தைச் சங்கிலி வெட்டினான். "உப்பு போட்டாச்சு, மொளவாப்பொடிதான் பாக்கி."

இசக்கி பதினேழு எண்ணினாள். மஞ்சள் துடித்தது. பச்சை, தரையில் விரித்த கயிறு மாதிரி, அசையாமல் கிடந்தது. ஒரு மணி நேரமும் அப்படியே.

எழுந்ததும் அவள் திரையைத்தான் பார்த்தாள். "ஒண்ணுமில்லையா?"

"அண்ணாச்சிகிட்டேருந்து ஒண்ணும் வரலக்கா. ஆனா நீங்க அனுப்புனது ஒண்ணும் திரும்பியும் வரல. எல்லாம் உள்ள போயிருக்கு." சொல்லும்போதே தில்ஷாத் எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, அவரு பேசல. கேட்டுக்கிட்டு இருக்காரு."

அந்த வேகத்திலேயே டாக்டரின் அறைக்கு ஓடினாள். மனோரஞ்சிதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, மெதுவாக, யாரையும் புண்படுத்தாத குரலில் சொன்னார்: "தர்பூசணியும் கேட்டுச்சே."

"மேடம்?"

"படி சரியா இருந்தா யார் வேணாலும் ஏறிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அலை உள்ளே போச்சு, திரும்பலை. அது உங்க கப்ளர் நல்லா இருக்குன்னு காட்டுது. உள்ளே ஆள் இருக்காருன்னு காட்டலையே. தர்பூசணிக்கு நான் கட்டில் குடுக்க முடியாது தில்ஷாத்."

இருபத்தெட்டாம் தேதிக்கு பதினோரு நாள் இருந்தது.

எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே பதிவை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது மதியம் அது நடந்தது. தட்டையாகக் கிடந்த பச்சைக் கோடு திடீரென்று நட்டமாக எழுந்தது. நாலு நொடி. அப்புறம் மறுபடி கயிறு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, ஆறு நொடி.

"பிளக்கு லூசு" என்றான் சங்கிலி. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து முறுக்கினான். மறுநாளும் மூன்று தடவை எழுந்தது.

அந்த நாலைந்து நொடிகளில் லிங்கதுரையின் நூற்று முப்பது, எண்ணே இல்லாத ஏதோ ஒன்றாகிவிடுகிறது. படி மறைந்து சுவர் வருகிறது. போன அலை முழுக்கத் திரும்புகிறது. அப்புறம் சுவர் போய்ப் படி வந்துவிடுகிறது.

"கதவச் சாத்துதாரு" என்றாள் தில்ஷாத். "எதுக்கோ மட்டும் சாத்திட்டு, மறுபடி தொறந்துக்கிடுதாரு."

இசக்கி கொட்டாவி விட்டபடி சொன்னாள்: "எங்க அண்ணன் கனவுல வந்திருப்பான். அவன் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருவாவ."

அண்ணன் எந்தக் கனவிலும் வரவில்லை. அன்றுமுதல் இசக்கி கண் விழித்ததும், முகம்கூடக் கழுவாமல், கண்ட கனவை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். தில்ஷாத் அதைப் பச்சைக் கோட்டோடு வைத்துப் பார்த்தாள். பஸ் வள்ளியூர் தாண்டுகிறது, கோடு தட்டை. ஜன்னல் வழியே மீன்கள் தலையை நீட்டுகின்றன, தட்டை. செத்துப்போன அம்மா ஏறி உட்கார்ந்து பின்சீட்டுக்காரியோடு சண்டை போடுகிறாள், தட்டை. லிங்கதுரை டவர் உச்சியிலிருந்து கையாட்டுகிறான், நாலு நொடி சுவர். ஆரல்வாய்மொழி, மழை, தட்டை. லிங்கதுரை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறான், ஆறு நொடி சுவர்.

மூன்றாம் நாள் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தில்ஷாத்துக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மத்தது எல்லாத்தையும் வாங்கிக்கிடுதாவ. கனவுல வார அவியள மட்டும் திருப்பி அனுப்புதாவ."

டாக்டர் என்ன கேட்பார் என்று இப்போது தில்ஷாத்துக்குத் தெரியும். அதனால் அடுத்த இரண்டு மதியமும் கட்டிலில் லிங்கதுரைக்குப் பதில் உப்பேற்றிய தர்பூசணிக்குக் குல்லா மாட்டினார்கள். "தர்பூசணி பக்கத்துல படுத்துத் தூங்குனவ இந்த ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள் இசக்கி. "பேரு ஏதும் வச்சிருக்கியளா?"

"மாப்ள" என்றான் சங்கிலி.

இரண்டு நாளும் கனவில் லிங்கதுரை வந்தான், நாலு தடவை. பச்சைக் கோடு ஒரு தடவைகூட அசையவில்லை. தர்பூசணி அவனையும் மீன்களையும் அம்மாவையும் ஒன்றுபோல வாங்கிக்கொண்டது.

இருபத்தேழாம் தேதி மாலை மனோரஞ்சிதம் எல்லாப் பதிவுகளையும் தானே உட்கார்ந்து பார்த்தார். தர்பூசணி நாட்களை இரண்டு முறை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"தர்பூசணி எதையும் வேண்டாம்னு சொல்லாது" என்றார். "இவர் சொல்றார். ஒரு வருஷம் நீட்டிக்கிறேன்."

சங்கிலி இல்லம் முழுக்க லட்டு கொடுத்தான். தூங்குகிறவர்களின் தலைமாட்டிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவனே பொறுக்கிக்கொண்டான். தில்ஷாத் தரையில் கால் பாவாமல் அலைந்தாள். இசக்கி மட்டும் ஜன்னலோரம் நின்று இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன? சந்தோசம் இல்லையா?"

"இருக்காருன்னு காட்டிட்ட. நல்லா இரு." அவள் திரும்பவில்லை. "ஆனா அவிய என்ன சொல்லுதாவன்னு ஒருத்தரும் கேக்கலியே தங்கச்சி. ரெண்டு வருசமா ஒரே இருட்டுல கெடந்து, ஒரே ஒரு சொல்லு சொல்லுதாவ. அதுவும் என்ன சொல்லுதாவ? என்னைய நெனைக்காத, தூக்கிச் சுமக்காத, என் நெனப்பக் கொண்டுபோயிருன்னுதான?"

"அப்படித்தான்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?"

"ஒனக்கு கோடுதான் தெரியும். எனக்கு ஆளத் தெரியும்."

படியும் சுவரும் தில்ஷாத்துக்குத் தெரியும். கதவைச் சாத்துகிறவன் கோபத்தில் சாத்துகிறானா பிரியத்தில் சாத்துகிறானா என்று சொல்ல எந்தக் கப்ளரிலும் ஒரு முனை இல்லை.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் இசக்கி மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். தயிர்சாதம், பாதி ஜன்னல், பதினேழு காற்றாலை. அவனைக் கனவில் காணாமல் இருக்கப் பார்க்கிறேன் என்றாள். கனவு அப்படிச் சொன்னபடி கேட்குமா? ஒவ்வொரு மதியமும் அவன் எங்கிருந்தாவது வந்துவிடுவான், பச்சைக் கோடு எழும், ஓரிரு நொடி அவள் உறக்கத்திலேயே முகம் சுளிப்பாள். தில்ஷாத் குல்லாவைக் கழற்றிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்து, மழை விட்டுக் காற்று கழுவின மாதிரி இருந்த ஒரு மதியம். சங்கிலி மூலையில் தலை சாய்த்திருந்தான். மூச்சுக் கருவியின் சத்தமும் வெளியே இறக்கைகளின் சத்தமும் ஒன்றாகிவிட்டிருந்தன. மஞ்சள் கோடு துடித்தது, அடங்கியது, மறுபடி நெடுநேரம் துடித்தது. தில்ஷாத் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம். ஒன்றேகால். அது எழவே இல்லை.

இசக்கி கண் திறந்தாள். கூரையைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தாள்.

"இன்னிக்கு அண்ணாச்சி வரலியாக்கா?" தில்ஷாத் மெல்லக் கேட்டாள். "கோடு எந்திரிக்கவே இல்ல."

"வந்தாவ."

தில்ஷாத் திரையைப் பார்த்தாள். தட்டை.

"பஸ்ல இருந்தாவ. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். எனக்கு அடையாளம் தெரியல புள்ள. யாரோ ஒரு ஆளுன்னு நெனச்சேன். எங்க போவணும்னு கேட்டேன். அடுத்த ஸ்டாப்புன்னு கையக் காட்டுனாவ. டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டேன்." அவள் குரல் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தது. "முழிச்ச பெறவுதான் யாருன்னு தெரிஞ்சுது."

பக்கத்துக் கட்டிலில் லிங்கதுரையின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் குல்லாவிலிருந்து கிளம்பிய கேபிள் பச்சைப் பலகைக்கு வந்து, அங்கே மெலிந்த கோடாகத் தொடங்கி, மூன்று படி இறங்கி, தடித்த கோடாகி, இவளிடம் வந்து முடிந்தது.

"எறங்கிட்டாரா?" என்று கேட்டாள் தில்ஷாத். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

இசக்கி எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கிடந்த விசிலைக் கையில் எடுத்து, ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் தடவினாள்.

"அந்த ஸ்டாப்பு வந்துச்சு. நான் விசிலு குடுக்கல. வண்டி நிக்கல."

தில்ஷாத் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு தங்கச்சி" என்றாள் இசக்கி. "அதத் திருப்பி அனுப்பிட்டாவளா?"

தில்ஷாத் பதிவைப் பின்னால் ஓட்டினாள். கடைசி இருபது நிமிஷத்தையும் ஒவ்வொரு நொடியாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக் கோடு, வெயில் காயும் கயிறு மாதிரி, நீளமாக, அசையாமல் கிடந்தது.

"இல்லக்கா" என்றாள். "வாங்கிக்கிட்டாரு."